சுங்கை லெம்பிங்: வானவில் கிடைக்காத இரண்டு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பகாங் மாநிலத்துப் பழைய ஈயச் சுரங்க ஊரான சுங்கை லெம்பிங்குக்கு, வானவில் அருவிக்காக மட்டும் போகிறவர்களுக்கு நான் எழுதுவது அவ்வளவாக உதவாது. அருவியைப் பார்த்தோம், வானவில் வரவில்லை. ஆளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, இடுப்பு கழன்றுவிடும் போல ஜீப்பில் ஒரு மணி நேரம் குலுங்கி, அப்புறம் முக்கால் மணி நேரம் காட்டுப் பாதையில் நடந்து போய் நின்றால் மேலே மேகம் மூடிக்கிடந்தது. காலை வெயில் சாரல் மேல் சாய்ந்து விழுந்தால்தான் வானவில். இல்லையென்றால் அது வெறும் அருவி. நல்ல அருவிதான், தண்ணீர் பல் கிட்டும் குளிர். கூட்டிப் போன பையன் சின்ன அடுப்பை மூட்டி எல்லாருக்கும் மீ (நூடுல்ஸ்) அவித்துக் கொடுத்தான். "நேற்று வந்தது, ஆண்டி" என்று மலாயில் சமாதானமும் சொன்னான். நேற்று வந்ததைச் சொல்லித்தானே இன்று காசு வாங்கினான்!

ஆனாலும் இந்த ஊருக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த நாலரையும் மண்ணுக்கு அடியில் இருப்பதற்கு.

ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். நான் பேராக்கின் கிந்தா வட்டாரத்தில், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. இப்போது காஜாங்கில் இருக்கிறேன். எங்கள் அப்பா ஈயக் கப்பலில் வேலை செய்தவர். கப்பல் என்றால் கடலில் போவது இல்லை. தனக்கென்று ஒரு குட்டையை வெட்டிக்கொண்டு அதிலேயே மிதந்து, வாளிச் சங்கிலியால் அடி மண்ணை அள்ளி அள்ளி, கழுவி, ஈயத்தைப் பிரித்து, மிச்ச மண்ணைப் பின்னால் துப்பிக்கொண்டே நகர்கிற இரும்பு வீடு. தஞ்சோங் துவாலாங்கில் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களே, 1938-இல் கட்டி 1982 வரை ஓடிய டிடி5, 4,500 டன், அந்த ஜாதிதான். அப்பா இருந்தது வேறு கப்பல். ராத்திரியில் அது கிறீச்சிடும் சத்தம் வீடு வரை கேட்கும். சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

அதனால் ஈயம் என்றால் எனக்குச் சேறும் குட்டையும்தான். மலைக்குள் கல்லைக் குடைந்து ஈயம் எடுத்த ஊர் ஒன்று பகாங்கில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. போன ஜூலையில், "அப்பாவோட ஈயம் பார்த்தாச்சு, இன்னொரு ஈயத்தையும் பார்த்துட்டு வருவோம்" என்று அண்ணன்தான் கிளப்பினார். அண்ணனுக்கு 67 வயது, முட்டி வலி. வண்டி ஓட்ட அவர் மகன். என் வீட்டுக்காரர் எங்கே கூப்பிட்டாலும் வருவார், சாப்பாடு இருந்தால் போதும்.

காஜாங்கிலிருந்து காராக் வழியாகக் கிழக்குக் கரை நெடுஞ்சாலை பிடித்து குவாந்தான். அங்கிருந்து வடமேற்கே 42 கிலோமீட்டர். வழியில் பஞ்சிங்கில் சாராஸ் குகை இருக்கிறது. செங்குத்தாகப் படி ஏறினால் உள்ளே பள்ளிகொண்ட புத்தர். அண்ணன் கீழேயே இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குகை நன்றாக இருந்தது, அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். பஞ்சிங் தாண்டியதும் செம்பனை குறைந்து காடு நெருங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் மலை, சாலை வளைந்து வளைந்து போய் ஒரு திடலின் ஓரத்தில் முடிகிறது. அதுதான் ஊர். திடல், மரத்தாலான பழைய கடை வரிசை, சந்தை, ஆறு. பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். இப்படி ஒரு மூலையில் இந்த ஊர் ஏன் முளைத்தது என்பதற்கு மேலே பார்த்தால் பதில் கிடைக்காது.

முதலில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், சுரங்கத்துக்கு அப்புறம் போங்கள். நாங்கள் தற்செயலாக அப்படிப் போனோம், அதுதான் சரியான வரிசை. குன்றின் மேல் இருக்கும் அந்த வீடு சுரங்கக் கம்பெனியின் மேலாளர் குடியிருந்த பங்களா. 2003-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். கம்பெனி, பகாங் கன்சாலிடேட்டட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. 1906-இல் தொடங்கி 1986-இல் மூடியது. எண்பது வருடத்தில் அவர்கள் குடைந்த சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 322 கிலோமீட்டர், ஆழம் 700 மீட்டர் வரை. எண்ணாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அண்ணன் மகன்தான் சொன்னான்: "அத்தை, இரட்டைக் கோபுரத்தைத் தலைகீழாகச் செருகினாலும் இன்னும் 250 மீட்டர் மிச்சம் இருக்கும்." அப்புறம்தான் வயிற்றில் ஏதோ செய்தது. உலகிலேயே மிக ஆழமான ஈயச் சுரங்கம் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய டோல்கோத் சுரங்கம் இதைவிட ஆழம். அதனால் என்ன, 700 மீட்டர் என்பது இறங்கிப் போகிறவனுக்குப் போதுமான ஆழம்தான்.

பங்களாவில் கருவிகள், விளக்குகள், தாதுக் கற்கள், வரைபடங்கள், பழைய படங்கள் எல்லாம் இருக்கின்றன. நான் அதிக நேரம் நின்றது வெளியே. மரங்களுக்கு நடுவில் காற்று நன்றாக வருகிறது. துரை இங்கே உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார். அவர் காலுக்குக் கீழே, எத்தனையோ நூறு மீட்டர் கீழே, அதே நேரத்தில் ஒருவர் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்திருப்பார். அண்ணன் திடலைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரிலயும் மேட்டு வீடு துரைக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

உள்ளே தாதுக் கற்களைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் ஈயச் சொம்பு நினைவு வந்துவிட்டது. தமிழில் ஈயம் என்றால் குழப்பம் உண்டு. காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. எங்கள் ஊரில் ஈயம் என்றாலே வெள்ளீயம்தான். ரசம் வைக்கிற சொம்பும் அதே வெள்ளீயம்தான், புளிக்கு ஒன்றும் ஆகாது, ரசத்துக்குத் தனி வாசம் வரும். ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கவே கூடாது. பதின்மூன்று வயதில் நான் வைத்தேன். அடுப்பைப் பற்றவைத்து, சொம்பை ஏற்றி, புளி கரைக்கக் கொல்லைப்புறம் போய், பக்கத்து வீட்டோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் சொம்பின் அடி காணோம். அடுப்புக்குள் வெள்ளி உருண்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். உருண்டைகளை ஆறவைத்துப் பொறுக்கி, கையில் குலுக்கிப் பார்த்து, "நாம தோண்டினது நம்ம வீட்டுக்கே வந்திருக்கு, விடு" என்று சிரித்தார். அந்தச் சொம்பு தமிழ்நாட்டிலிருந்து ஆயா கொண்டுவந்தது, கிந்தா ஈயம்தான் என்று எப்படிச் சொல்வது? அடி தப்பியது, அது போதும்.

சுரங்கம் அடுத்தது. சீட்டு வாங்கும்போது மைகாட் (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும், உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைவு. சின்ன ரயில் ஒன்றில் ஏற்றி உள்ளே கொண்டுபோகிறார்கள். குழந்தைகள் பூங்காவில் ஓடுகிற ரயில் மாதிரி இருக்கிறதே என்று நான் சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். வாசலின் வெளிச்சம் பின்னால் காசு அளவுக்குச் சுருங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் தெரிவது குளிர், அதன் பிறகு ஈரம், அதன் பிறகு சத்தம் இல்லாதது. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிறது. எது பக்கம், எது தூரம் என்று காதுக்குப் பிடிபடவில்லை. இறங்கி நடக்க வேண்டும். வழியில் தொழிலாளர் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். முதல் பொம்மையைப் பார்த்து என் வீட்டுக்காரர் "செலாமாட் பாகி" என்று வணக்கம் சொல்லிவிட்டார். அதை வைத்து இன்னும் பத்து வருடம் ஓட்டுவோம்.

சுவரைப் பாருங்கள். எல்லாரும் பொம்மைகளோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் சுவரைப் பாருங்கள். இங்கே ஈயம் மணலாக இல்லை. பாறையின் வெடிப்புக்குள் நரம்பு போல ஓடுகிறது. அந்த நரம்பு எங்கே போகிறதோ அங்கேதான் மனிதனும் போக வேண்டும். நேராகக் குழி இறக்கி, அதிலிருந்து மாடி மாடியாகப் பக்கவாட்டில் குடைந்து, நரம்பைக் கண்டதும் துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லை மேலே ஏற்றி, அரைத்து, தண்ணீரில் அலசினால்தான் கடைசியில் கறுப்புப் பொடி கிடைக்கும். கிந்தாவில் இந்த உடைக்கிற, அரைக்கிற வேலையெல்லாம் மழையும் ஆறும் பல லட்சம் வருடமாகச் செய்துவைத்துவிட்டன. நாங்கள் அள்ளிக் கழுவினால் போதும். எங்கள் தெரு முனையில் இருந்த சீனப் பாட்டி டூலாங் தட்டோடு ஆற்றில் இறங்கி அலசியே குடும்பத்தை நடத்தினார். இங்கே ஒரு தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 322 கிலோமீட்டரும் கம்பெனி முதல் போட்டு, ஆள் உயிரைக் கொடுத்துத் தோண்டிய தூரம். இரண்டு ஊரும் ஒரே உலோகத்தை விற்றன என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் நடந்தது மலை அடிவாரத்தோடு சமமாகப் போகிற பாதை. 700 மீட்டருக்கு யாரும் நம்மைக் கூட்டிப் போவதில்லை. குளிரை அனுபவித்துவிட்டு, சுரங்க வேலை இப்படித்தான் ஜில்லென்று இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்தால் தப்பு. இதை எனக்குத் திருத்தியவர் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவர். கையில்லாத பனியன், வெறுங்கால், முன்னால் கறுப்புக் கோப்பி. அண்ணன் தன் முட்டி வலியைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார், அவரும் தன் முட்டியைக் காட்டினார். இருவரும் மலாயில் ஒரு மணி நேரம். கூண்டில் நின்றுகொண்டு இறங்குவார்களாம். மேலே குளிர், இறங்க இறங்கச் சூடு, ஆழத்தில் சட்டை போட முடியாதாம். கோப்பியைத் தொட்டு மேசையில் ஒரு நேர்க்கோடு இழுத்து, அதிலிருந்து பக்கவாட்டில் விரல் விரலாகக் கோடுகள் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு மாடி. கடைசிக் கோட்டுக்கு மேசையில் இடம் போதவில்லை. விரலை மேசை விளிம்பிலிருந்து கீழே இறக்கித் தன் முட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

பிறகு எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே பழைய காகிதத்தில் சுற்றிய கல், எலுமிச்சம்பழ அளவு இருக்கும். வெள்ளைக் கல்லில் கறுப்புக் கட்டிகள். அண்ணன் கையில் வைத்தார். அண்ணனின் கை தாழ்ந்தது. அந்த அளவுக் கல்லுக்கு அந்தக் கனம் மனதுக்கு ஒட்டவேயில்லை. நானும் வாங்கிப் பார்த்தேன். கறுப்புப் பக்கத்தைத் திருப்பினால் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. அண்ணன், "எங்க அப்பா கொண்டுவந்தது மணல், அதுவும் இப்படித்தான் கனக்கும்" என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டுக் கல்லை மறுபடி சுற்றி வைத்துக்கொண்டார். விற்பனைக்கா என்று கேட்க என் வீட்டுக்காரர் வாயெடுத்தார். நான் மேசைக்கு அடியில் காலை மிதித்தேன்.

ஊர் ஏன் நின்றது என்று அவரிடம் கேட்க வேண்டியதே இல்லை, அது எங்கள் கதையும்தான். 1985 அக்டோபர் 24-ஆம் தேதி, உலக ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈய மன்றம் கையில் காசு தீர்ந்து கைவிரித்தது. லண்டன் சந்தை ஈய வியாபாரத்தையே நிறுத்தியது. விலை மளமளவென்று பாதியாயிற்று. கிந்தாவில் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. இங்கே அடுத்த வருடம் சுரங்கம் மூடியது. கப்பலை நிறுத்தினால் குட்டை குட்டையாகவே கிடக்கும், அதில் மீன் வளர்க்கலாம். சுரங்கத்தில் நீர் இறைப்பதை நிறுத்தினால் கீழே தானாகத் தண்ணீர் ஏறி மூடிவிடும். இளையவர்கள் ஊரை விட்டுப் போனார்கள், முதியவர்கள் தங்கினார்கள். அந்த ஊமைத்தனம்தான் இப்போது நகரத்து ஆட்களுக்கு அமைதியாகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, பொய் சொல்வானேன்.

சாப்பாடு. இந்த ஊர் மீ பெயர் பெற்றது. மலைத் தண்ணீரில் பிசைவதால் அப்படி என்கிறார்கள். மீயைத் தக்காளிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். குழம்பு புளிப்பும் இனிப்புமாக இருந்தது, மீ வழவழக்காமல் பல்லுக்கு நின்றது. பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், வேண்டாதவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டோம், முட்டையும் கீரையும் போட்டுக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு கடையில் ஐம்பது நிமிடம் காத்திருந்து பசியாறினோம், அதில் முப்பது நிமிடம் எங்கள் ஆர்டரை மறந்துவிட்டதால். பெயர் சொல்லவில்லை, அந்த அம்மா ஒற்றை ஆளாக மூன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாவ் ஃபூ ஃபா, அதாவது சோயாப் பாலில் செய்கிற மெத்தென்ற இனிப்பு, அதைச் சாப்பிடாமல் வராதீர்கள். சூடாக, வெல்லப்பாகு ஊற்றி, நாக்கில் வைத்ததும் காணாமல் போகிறது.

தங்கிய இடம் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு, ஜன்னலைத் திறந்தால் மலை. மற்றபடி சுடுதண்ணீர் வரவில்லை, கேட்டதற்கு "வரும் வரும்" என்றார்கள். இரவு பதினொன்றரை வரை பக்கத்து வீட்டில் காராவோக்கே. யாரோ சுற்றுலாக் குழு. காட்டு நடுவில் தவளைச் சத்தம் கேட்டுத் தூங்கலாம் என்று வந்தவளுக்குச் சீனக் காதல் பாட்டு. வார நாளில் போங்கள். அறையை உறுதி செய்யும் முன் பக்கத்தில் யார் தங்குகிறார்கள் என்று கேட்பது தப்பே இல்லை.

தூக்கம் கெட்டதில் ஒரு லாபம், விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாரும் விழித்திருந்தோம். பனோரமா குன்றுக்கு அந்த நேரத்தில் கிளம்பினால்தான் சூரியன் வருவதைப் பார்க்கலாம். படி வெட்டியிருக்கிறார்கள், ஆனால் செங்குத்து. கையில் விளக்கு கட்டாயம் வேண்டும். எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது, இளைஞர்களுக்கு அரை மணி போதும். அண்ணன் நூறு படியோடு நின்றுவிட்டார். "நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா, எனக்குச் சொல்லு" என்றார். மேலே ஏழு மணி வாக்கில் மலைகளுக்குப் பின்னால் சிவந்தது. கீழே ஊரைக் காணோம், பள்ளத்தாக்கு முழுக்க மேகம். வெள்ளைக்கு மேல் மலை முதுகுகள் மட்டும் தீவு தீவாக நின்றன. மேகம் விலகும்போது முதலில் திடல் தெரிந்தது, அப்புறம் ஒரு தகரக் கூரை, அப்புறம் ஆறு. படம் எடுத்தேன், ஒன்றும் விழவில்லை. இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னேன். "கூரை தெரிஞ்சுதா? சரி, கோப்பி குடிப்போம்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம், கிழக்குக் கரை மழைக்காலம் விளையாட்டில்லை. கெனாவ் ஆற்றின் பழைய தொங்கு பாலங்களை 2014 டிசம்பர் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். வண்டிக்கு எண்ணெயைக் குவாந்தானிலேயே அடைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்களுக்குச் சுரங்கம் சரிப்படும், குன்றும் அருவியும் சரிப்படாது. குவாந்தானிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஓர் இரவு தங்குங்கள், சுடுதண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்.

சந்தையில் காய்ந்த மீ நான்கு பொட்டலம் வாங்கி வந்தேன். வீட்டில் அதே தக்காளிக் குழம்பு வைத்துப் பார்த்தேன், அந்த ருசி வரவில்லை. தண்ணீர் வேறு என்றார் வீட்டுக்காரர். மிச்சம் இரண்டு பொட்டலத்தை அண்ணன் வாங்கிப் போனார். அவர் வீட்டிலும் வரவில்லையாம். ஆனால் அவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாராம், அது நன்றாக இருந்ததாம்.